ஊக்கோடு கிடைத்த தாலி

“அந்தத் தோட்டத்துல எது கெடச்சாலும், கெடைக்கலீன்னுதான் சொல்லுவாங்க.”

மினி பஸ்ஸில் மதிவதனிக்கு முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொன்னது இது. மதிவதனியின் மடியில் பழைய போர்வை சுற்றிய உலோகம் தேடும் கருவி இருந்தது. அது என்னவென்று கண்டக்டர் கேட்டு, சென்னியப்பன் தோட்டத்தில் தேடப் போவதாக அவள் பதில் சொல்லி அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

சொன்னவள் பெயர் பாவாயி. அவள் மில் வாசலில் இறங்கிக்கொண்டாள். மிச்சத்தைப் பக்கத்துச் சீட்டுக்காரி சொன்னாள். ஆறு வருடங்களுக்கு முன் பாவாயி அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவள். சென்னியப்பனின் மனைவி சாந்தாமணியும் அவளும் ஒரே தூக்குப்போசியில் சாப்பிடுவார்கள். ஓர் ஆடிப் பதினெட்டன்று காலையில் சாந்தாமணியின் காலில் முள் தைத்தது. தன் சேலை ஊக்கைக் கழற்றி, முள்ளை எடுத்துக்கொள்ளக் கொடுத்தாள் பாவாயி. சாயங்காலம் சாந்தாமணி தாலியைக் காணோம் என்றாள். கயிறு மாற்றுவதற்காகக் கழற்றி மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்தாளாம். பக்கத்தில் இருந்தது பாவாயி ஒருத்திதானாம். பாவாயி வீட்டு அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு ஊரில் யாரும் அவளைக் களையெடுக்கக் கூப்பிடவில்லை. மகளுக்குப் பேசிவைத்த இடமும் தட்டிப்போனது.

மதிவதனி அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. கருவியை வாங்கிய பிறகுதான், அதை நீட்ட ஊரில் இடமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கோட்டை மேட்டில் தொல்லியல் துறையின் நீலப் பலகை நின்றது. ஆற்று மணல் அரசாங்கத்துடையது. குளத்தங்கரை கோயிலுக்குச் சொந்தம். தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர், பட்டா நிலமாகப் பார்த்து நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். பழங்காலப் பொருள் எதுவும் வந்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும் என்றார். “புதையல் வந்தா எங்களுக்கு, பாம்பு வந்தா உனக்கு” என்றார் அடுத்த மேசைக்காரர்.

நான்கு நிலத்துக்காரர்கள் மறுத்தார்கள். ஐந்தாவதாகச் சென்னியப்பனும் மறுப்பாகத்தான் தலையை அசைத்தார். உள்ளேயிருந்து வந்து பேசியது சாந்தாமணி. படித்த பிள்ளை, தேடிவிட்டுப் போகட்டும் என்றாள். சென்னியப்பன் சம்மதித்தார். தோண்டிய குழியை மூட வேண்டும், எது கிடைத்தாலும் அன்றைக்கே அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். மதிவதனி கிளம்பும்போது சாந்தாமணி மோர் டம்ளரோடு கேட் வரை வந்தாள்.

“தாலி மாதிரி ஏதாச்சும் வந்துச்சுன்னா எங்கையில குடுத்துரு கண்ணு. அவருக்குத் தெரிய வேண்டாம்.”

இத்தனை பேர் மறுத்த பிறகு தனக்காகப் பேசிய ஒருத்தி கேட்கிறாள். மோர் தொண்டையில் இறங்குவதற்கு முன்பே மதிவதனி தலையாட்டிவிட்டாள். பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டது இதற்கு நான்காம் நாள்.

அன்றைக்கே அது கிடைத்தது. பழகியவர்கள் கருவியில் இரும்பின் கரகரத்த ஓசை கேட்டதும் நகர்ந்துவிடுவார்கள். புதியவளான மதிவதனிக்கு எல்லா ஓசையும் ஒன்றுதான். மூன்று நாட்களாக ஆணியும் லாடமுமாகத் தோண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் வெட்டிய பாத்தியில், ஒரு சாண் ஆழத்தில், துருப்பிடித்த ஓர் ஊக்கு வந்தது. பெண்கள் அவசரத்துக்கு உதவும் என்று தாலியில் மாட்டிவைப்பார்களே, அதுபோல. ஊக்கில் தங்கத் தாலி தொங்கியது. மோட்டார் ரூம் அங்கிருந்து இரண்டு வயல் தள்ளி இருந்தது.

சாந்தாமணி வரப்பில் ஓடிவந்து கையை நீட்டினாள். மதிவதனி கையை மூடிக்கொண்டு பாவாயியைப் பற்றிக் கேட்டாள்.

“நானும் திருட்டுன்னேதான் நம்பியிருந்தேன் கண்ணு. அவதான் பயந்துக்கிட்டு இங்க வீசியிருப்பா. இன்னைக்குத்தான் எனக்கே தெரியுது.”

நான்கு நாட்களாக இதே ‘கண்ணு’வை நம்பித்தான் மதிவதனி இவள் கையால் மோர் வாங்கிக் குடித்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டுச் சென்னியப்பன் வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்தது சென்னியப்பனுக்கு. தலையாட்டியது சாந்தாமணிக்கு, தாலியும் அவளுடையதுதான். பாவாயிக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவளுக்குப் போனதோ நல்ல பெயர். சாந்தாமணி சொல்வதை நம்பலாமா? மதிவதனி அந்தத் தாலியை யார் கையில் கொடுப்பது சரி?

விடை: தாலி திருட்டுப் போனதாக உண்மையிலேயே நம்புகிறவள், மண்ணைத் தோண்ட வந்தவளிடம் முதல் நாளே அதைக் கேட்டுவைக்க மாட்டாள். கயிறு அறுந்து தாலி வயலில் விழுந்தது சாந்தாமணிக்கு அன்றே தெரியும். தாலி மண்ணில் விழுந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். திருட்டுப் போனால் பழி இன்னொருத்திக்கு. உண்மையை மறைத்து வாங்கிய தலையாட்டல் வாக்காகாது. எனவே, எழுதியபடி சென்னியப்பனிடம் கொடுப்பதே சரி. மதிவதனி அவர் கையில் தாலியை வைத்து, முதல் நாள் மோரோடு கேட்டதையும் சொன்னாள். அவர் ஊக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தாலியை மனைவியிடம் நீட்டினார். “போட்டுக்கறதுக்கு முன்னால, சொல்ல வேண்டியவகிட்டப் போய்ச் சொல்லீட்டு வா” என்றார். மறுநாள் காலை சாந்தாமணி, பாவாயி மில்லுக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறி, எல்லார் காதிலும் விழும்படி நடந்ததைச் சொல்லி, தாலியைப் பாவாயியின் மடியில் வைத்தாள். பாவாயி, அன்று முள்ளெடுக்கக் கொடுத்த தன் ஊக்கை மட்டும் நகத்தால் பெயர்த்து எடுத்துக்கொண்டு, தாலியை அவளிடமே கொடுத்துவிட்டு, மில் வாசலில் இறங்கிப் போனாள்.