நாற்பது கிலோமீட்டரும் ஒரு சிமெண்ட் பெஞ்சும்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் என் மாமனார் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் வேண்டாம். அந்த ஊர்ப் பூங்காவில் வேப்பமரத்தடியில் ஒரே ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அதன் முதுகில் நீலப் பெயிண்டில் ‘காலை நடையாளர் சங்கம்’ என்று எழுதியிருக்கும்.

மாலை நடையாளர் சங்கத்துக்கு இது பதினோரு வருஷமாகப் பொறுக்கவில்லை. காலைக்காரர்கள் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாலைக்காரர்கள் ஐந்து மணிக்குத்தான் வருவார்கள். இரண்டு கூட்டமும் அந்தப் பெஞ்சில் ஒரே நேரத்தில் உட்கார ஆசைப்பட்டதே கிடையாது. ஆனாலும் சண்டை மட்டும் நாள் தவறாமல் நடந்தது.

ஒருநாள் மாலைச் சங்கத்துத் தலைவர் ராஜாமணி கேட்டே விட்டார். “பதினோரு வருஷமா பூங்காவச் சுத்துதீங்களே, எந்த ஊருக்காவது போய்ச் சேர்ந்திருக்கீங்களாவே? நடந்து மட்டுமே போற ஊரு ஒண்ணுக்குப் போயி, போட்டோ கொண்டாங்க. பெஞ்சு உங்களுக்கு. இல்லேன்னா அந்த எழுத்த நானே சுரண்டுதேன்.”

இதில் ரொம்ப அடிபட்டது காலைச் சங்கத்துச் செயலாளர் திருமலைக்கொழுந்து. அவர் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். அந்த நீல எழுத்தை எழுதியதே அவர்தான். அவர் கைப்பட எழுதி ஊரார் படித்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான். ராஜாமணி உப்புத்தாளோடு பெஞ்சு பக்கம் குனிவதை நினைத்து அவர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

சென்னையில் ஓர் ஏஜெண்டைப் பிடித்தார்கள். பெரு நாட்டில் மலைக்கு மேலே இன்கா ராஜாக்கள் கட்டிய பழைய கல்நகரம் இருக்கிறது, நாலு நாள் நடந்து போகலாம், மொத்தம் நாற்பது கிலோமீட்டர், வழிகாட்டி கூடவே வருவார் என்று அவர் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். அந்தத் தாளைக் கொழுந்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலு பேர் கிளம்பினார்கள். தலைவர் சங்கரபாண்டியன் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் நகரமாட்டார். பிச்சையா கூட்ஸ் வண்டிக் கார்டு. முப்பத்தைந்து வருஷம் கடைசிப் பெட்டியிலேயே வாழ்ந்தவர். அருளப்பன் கையில் மஸ்கட்டிலிருந்து மகன் அனுப்பிய கடிகாரம் இருந்தது. நடந்த தூரத்தை அது அவருக்குச் சொல்லும், அவர் உலகத்துக்குச் சொல்லுவார். நாலாவது கொழுந்து. மற்ற மூன்று பேரும் முட்டாள்கள் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். அதில் தப்பே கிடையாது, எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் வழிகாட்டி காத்திருந்தாள். நில்தா என்று பெயர், முப்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருஷமாக உலகத்து ஆட்களையெல்லாம் அந்த மலைமேல் ஏற்றி இறக்கியவள். தனக்குத் தெரியாத வகை மனிதர்கள் இனி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

அவள் நாலு விதி சொன்னாள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர் வேகத்துக்கே எல்லாரும் நடக்க வேண்டும். நாம் வந்துபோன அடையாளமே மலையில் இருக்கக் கூடாது. மூடுபனி வந்தால் முன்னால் போகிறவரை விடாமல் பின்தொடர வேண்டும். கொழுந்து ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். அதைச் சொல்லியாக வேண்டும், கோளாறு இங்கிலீஷில் இல்லை. டைரியில் எழுதி, மூவரிடமும் கையெழுத்து வாங்கி, தானும் போட்டார்.

முதல் நாள் மத்தியானமே அருளப்பன் நாக்கு வறண்டு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். கையில் முழு பாட்டில் தண்ணீர் இருந்தது.

“குடியும்வே,” என்றார் தலைவர்.

“எப்படிக் குடிக்க அண்ணாச்சி? தாகம் எடுத்துப் போச்சே. எடுக்க முன்னாலல்லா குடிக்கச் சொன்னாவ.”

“ஆமா, கையெழுத்து வேற போட்டிருக்கோம்,” என்றார் பிச்சையா.

“எனக்கும் எடுத்திருச்சு,” என்று தலைவரும் ஒப்புக்கொண்டார். “நான் கவனிக்காம இருந்துட்டேன்.”

கொழுந்து யோசித்தார். யோசிப்பது அவர் இலாகா. “இந்தத் தாகம் விதி மீறி வந்தது. இதுக்கு நாம ஒண்ணும் செய்யப்படாது. இது தானாப் போவட்டும். இது போனதுக்கும் அடுத்தது வாரதுக்கும் நடுவுல குடிச்சிருவோம்.”

அந்தத் தாகம் போவதற்காக நாலு பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். அது போவதாக இல்லை. முன்னால் போன நில்தா திரும்பி வந்து, நாலு உதடும் வெடித்திருப்பதையும் நாலு பாட்டிலும் நிறைந்திருப்பதையும் பார்த்தாள். விளக்கத்தைக் கேட்டாள். பிறகு ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்து, அண்ணாக்க வைத்து வாயில் ஊற்றினாள்.

இரண்டாம் நாள் பெரிய ஏற்றம். மலையின் உச்சிக் கணவாயை அன்றே தாண்டியாக வேண்டும். மெதுவானவர் பிச்சையா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் வேகத்துக்கு மற்ற மூவரும் குறைத்தார்கள். எல்லாரும் இவ்வளவு மெதுவாகப் போவதைக் கண்ட பிச்சையா, தன்னைவிட மெதுவானவர் கூட்டத்தில் யாரோ இருக்கிறார் என்று முடிவு செய்து, அவருக்காகத் தானும் குறைத்தார். அதற்கேற்ப அவர்கள் குறைத்தார்கள். பதினொரு மணிக்கு நாலு பேரும் படிக்கட்டின் நடுவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள்.

முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு கிழவர் அவர்களைத் தாண்டி மேலே போனார். மூட்டையை இறக்கிவிட்டு, தாண்டிக் கீழே வந்தார். அடுத்த மூட்டையோடு மறுபடி மேலே போனார்.

நில்தா ஓடி வந்தாள். “ஏன் நிற்கிறீர்கள்?”

“நிக்கல மேடம்,” என்றார் கொழுந்து. “ரொம்ப மெதுவா நடக்கிறவர் வேகத்துல போய்க்கிட்டிருக்கோம்.”

“யார் அவர்?”

“அதுதான் இன்னும் முடிவாகல. பேசிக்கிட்டிருக்கோம்.”

நில்தா கண்ணை மூடித் திறந்தாள். பன்னிரண்டு வருஷ அனுபவம் சும்மா போகவில்லை. “நான்தான் இந்தக் கூட்டத்திலேயே மெதுவானவள்,” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தாள். விதி விதிதான். மெதுவானவளின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, நாக்குத் தள்ள, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாலு பேரும் மூன்று மணிக்குள் கணவாயைத் தாண்டிவிட்டார்கள்.

“மெதுவானவளே இந்த ஓட்டம் ஓடுதான்னா,” என்று மூச்சு வாங்கினார் தலைவர், “இந்த ஊர்ல வேகமானவங்க எப்படி ஓடுவாங்கவே?”

மூன்றாம் நாள் அடையாள விவகாரம். தங்கள் காலடித் தடம் பாதையில் பதிந்து கிடப்பதைக் கொழுந்து காலையிலேயே பார்த்துவிட்டார். இதைவிடப் பெரிய அடையாளம் என்ன இருக்கிறது? கடைசியில் வருகிற பிச்சையாவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே குனிந்து குனிந்து தடத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசுக்காரர் என்பதால் வேற்று நாட்டார் தடத்தையும் சேர்த்துத் துடைத்தார். பின்னால் வந்த ஜெர்மனிக்காரர்கள் இருவர், பாதையில் மனித நடமாட்டமே இல்லாததைப் பார்த்து, வழி தவறிவிட்டோம் என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

நாலாம் நாள் காலை. இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். “அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு வருகிறேன், பாதை ஒன்றுதான், இப்படியே நேராக வாருங்கள்,” என்று சொல்லிவிட்டு நில்தா மேலே காவல் குடிசைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை.

“யாரும் பதறாதீங்க,” என்றார் கொழுந்து. “நாலாவது விதி. முன்னால போறவர் பின்னாலேயே போங்க.”

வரிசை நின்றது. தலைவர், கொழுந்து, அருளப்பன், பிச்சையா. ஒருவரும் அசையவில்லை.

“அண்ணாச்சி, நடங்க.”

“எனக்கு முன்னால யாரும் இல்லையே. நான் யாரு பின்னால போவ?”

இது நியாயமான கேள்வி என்று எல்லாருக்கும் பட்டது. இவ்வளவு தூரம் வந்து, இரண்டு கிலோமீட்டரில் பெஞ்சு கைவிட்டுப் போவதா? உப்புத்தாள் உரசும் சத்தம் கொழுந்து காதுக்குள் கேட்டது. அந்தப் பயத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்தது.

“இப்பச் சும்மா நிக்கிற முதுகு ஒண்ணு இருக்கு. பிச்சையாவுக்குப் பின்னால யாரும் இல்ல. நீங்க பிச்சையா பின்னால போங்க அண்ணாச்சி.”

தலைவர் நடந்துபோய்ப் பிச்சையாவுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார். இப்போது ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு முதுகு இருந்தது. நாலு பேரும் திருப்தியாக நடக்க ஆரம்பித்தார்கள். கால்கள் பதினோரு வருஷப் பழக்கத்தில் தாமாகவே வலப்பக்கம் திரும்பின. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. இந்த நாலு நாளில் இன்றுதான் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார் பிச்சையா. பேச்சு உள்ளூர் அரசியல் பக்கம் போனது, வழக்கம்போல.

அரை மணி நேரம் கழித்து அருளப்பன் கையைத் தூக்கினார். “நாப்பது. வந்தாச்சு.”

கொழுந்து பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார். மொத்தம் நாற்பது என்றுதான் அச்சாகியிருந்தது. நாலு பேரும் நின்று, தாங்கள் இதுவரை எதைச் சுற்றினோம் என்று பார்த்தார்கள். இடுப்பளவு உயரத்தில் வட்டமாக ஒரு கல்சுவர். மேலே கூரை இல்லை. உள்ளே ஒரு லாமா நின்றது. லாமா என்றால் ஆட்டுக்கு ஒட்டகக் கழுத்து வைத்த மாதிரி இருக்கும், அந்த ஊர்க்காரர்கள் வளர்ப்பது. ஆட்டுக்கிடை, வேறொன்றுமில்லை.

தலைவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். “கலவையே போடாம அடுக்கியிருக்கான்வே. ராஜா வேலைன்னா ராஜா வேலைதான்.”

“நகரம்னாவ, சின்னதா இருக்கே?” என்றார் பிச்சையா.

“அந்தக் காலத்துல ஜனத்தொகை கம்மி,” என்றார் கொழுந்து. பெஞ்சு பிழைத்துவிட்டது. அந்த இடத்திலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

பனி விலகியது. நில்தா மூச்சிரைக்க இறங்கி வந்தாள். அவர்களுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு திறந்து, தூரத்தில் அந்தப் பெரிய நகரம், படிப்படியாக, சுவர் சுவராக, வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அவள் கையை நீட்டி, “அதோ, அதுதான். இன்னும் இரண்டு கிலோமீட்டர்,” என்றாள்.

கொழுந்து மொழிபெயர்த்தார். தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். “அது நாப்பத்திரெண்டாவது கிலோமீட்டர்லல்லா இருக்கு. நமக்குப் போட்டது நாப்பது. அது அடுத்த ஊருவே.”

நில்தா கேமராவை எடுத்தாள். அவர்கள் கேட்டபடி கிடைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். தொழில் தர்மத்துக்காகப் பின்னால் நகரமும் விழும்படி எடுத்தாள்.

ஊருக்கு வந்ததும் கொழுந்து அதைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். முதலில் அவர் கண்ணை உறுத்தியது பின்னால் தெரிந்த ஊர். ராஜாமணி அதைப் பார்த்தால், வேறு ஏதோ ஊரில் நின்று எடுத்தது என்பான். அதை அழிக்கச் சொன்னார். ஸ்டுடியோக்காரர் இன்கா ராஜாக்களின் நகரத்தைப் பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார் பிச்சையா. “வந்துபோன அடையாளமே மலையில இருக்கப்படாதுன்னு கையெழுத்துப் போட்டோம். இதுல மலையில நாம நிக்கது தெரியுதே.”

கொழுந்து டைரியை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். தடத்தையே துடைத்தவர்கள் ஆளை விட்டுவைக்கலாமா? நாலு பேரையும் அழிக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுக்கு முன்னால் இரண்டு சங்கமும் கூடின. கொழுந்து படத்தை நீட்டினார். ஒரு சுவர், ஒரு லாமா.

ராஜாமணி வெகுநேரம் பார்த்தார். “இதுல நீங்க எங்கவே?”

“எங்கயும் இல்ல. வந்துபோன அடையாளமே இல்லாமப் போயிட்டு வரணும்னு அந்த ஊர் விதி. நல்லாத் தேடிப் பாரும். ஒரு தடம் தெரியுதா?”

ராஜாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூலை மூலையாகத் தேடினார். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டார். “ஒண்ணுமே இல்ல. நெசமாவே போயிட்டுத்தான் வந்திருக்கீங்க.”

காலைச் சங்கம் கைதட்டியது. கொழுந்து பெஞ்சின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போது ராஜாமணி படத்தை மறுபடி கண்ணருகே கொண்டுபோனார்.

“கொழுந்து, இதுல நாங்களும்தானவே இல்ல?”

கொழுந்து படத்தை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. மாலைச் சங்கத்து ஆள் ஒருவர்கூட அதில் இல்லை. சுத்தமாக இல்லை. தலைவர் பார்த்தார், அருளப்பன் பார்த்தார், பிச்சையா பார்த்தார். மறுப்பதற்கு வழியே தெரியவில்லை. மாலைச் சங்கத்துப் பதினேழு பேரும் அந்த மலைக்குப் போய்விட்டு, இவர்களைவிடச் சத்தமில்லாமல் திரும்பியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே கொழுந்து கடையிலிருந்து நீலப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து, தன் எழுத்துக்குக் கீழே, தன் கையாலேயே, ‘மாலை நடையாளர் சங்கம்’ என்று எழுதினார். எழுத்து அழகாகத்தான் வந்தது.

ஒரு வருத்தம் மட்டும் பாக்கி இருந்தது. அதற்காக இரண்டு சங்கமும் சரித்திரத்தில் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து, ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டன. கொழுந்து அதை இங்கிலீஷில் எழுதி நில்தாவுக்கு அனுப்பினார். விதியை மீறி, மலையில் வந்துபோன அடையாளத்தைப் பளிச்சென்று விட்டுச்சென்ற அந்த லாமாவை இரண்டு சங்கங்களும் வன்மையாகக் கண்டிக்கின்றன என்றும், தீர்மானத்தை அதற்கு முன்னால் நின்று உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தார்.