பண்டிதர் மாட்டிக்கொண்ட பொம்மை அங்கி

கொன்றையூரை ஆண்ட வீரகேசவ ராஜாவிடம் வாயால் ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பார். அதையே ஓலையில் எழுதி நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுவார். இந்தக் குணத்தை நன்றாகப் புரிந்துகொண்டு அரண்மனையில் காலம் தள்ளியவர் அனந்தசயனப் பண்டிதர். எழுதச் சொன்னால் யானை வளர்ப்பும் எழுதுவார், இட்லி அவிப்பதும் எழுதுவார். இரண்டின் பக்கத்திலும் போனதில்லை.

இளவரசிக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணோடு ஒரு ஜோடி மரப்பாச்சிப் பொம்மைகளை அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். மொத்தமே ஒரு சாண் உயரம். சம்பந்தி வீட்டார் முதலில் அதைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே பண்டிதர் உட்கார்ந்து, பொம்மைக்கு அங்கி தைக்கும் விதியை முப்பத்திரண்டு ஓலையில் எழுதித் தள்ளினார். ராஜா பூரித்துப்போய்ச் சால்வை போர்த்தினார்.

"ஆவுடையப்பா, இதில் உள்ளபடியே தைக்க வேண்டும். ஒரு தையல் மாறக்கூடாது" என்று அரண்மனைத் தையற்காரனிடம் ஓலைக்கட்டைக் கொடுத்தார்.

ஆவுடையப்பன் இருபது வருஷமாக அங்கே தைப்பவன். முதல் ஓலையைப் படித்தான். 'வலத்துண்டை இடமாகத் திருப்பி, திருப்பியதைப் புரட்டி, புரட்டியதை முன்போல் வைக்க' என்றிருந்தது. அப்படியே செய்தான். துணி முதலில் கிடந்த மாதிரியே கிடந்தது! ஏழாம் ஓலை கழுத்தை மூடித் தைக்கச் சொன்னது. ஒன்பதாம் ஓலை, 'பொம்மையின் கைகளை உயர்த்தி, அங்கியைத் தலைவழியே இறக்குக' என்றது.

அங்கேதான் அவனுக்குத் தலை சுற்றியது. மரப்பாச்சிக்கு ஏது தூக்குகிற கை? ஒரே கட்டையில் விலாவோடு ஒட்டிச் செதுக்கிய கை. மூன்று முறை தைத்தான். மூன்று அங்கியும் தோளில் சிக்கி நின்றன.

பயந்து பயந்து சபையில் சொன்னான். பண்டிதர் மீசையைத் தடவினார். "விதியில் பிழையில்லை மகாராஜா. கையில்தான் பிழை. ஆடத் தெரியாதவன் கூடத்தைக் குறை சொல்கிறான்."

தான் சால்வை போர்த்திப் பாராட்டிய ஓலை அல்லவா? ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளை சபை கூடுவதற்குள் பொம்மை அங்கியோடு வர வேண்டும். இல்லையென்றால் நீ ஊரைவிட்டுப் போகலாம். இப்போதே உன் கத்தரிக்கோலை இங்கே வை."

அப்பா கொடுத்த கத்தரிக்கோல். சிம்மாசனத்தின் காலடியில் அதை வைத்தபோது ஆவுடையப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

வாசலில் அரண்மனை விகடகவி பிச்சாண்டி அவனைப் பிடித்துக்கொண்டார். ராஜாவையே கேலி பேசிவிட்டுத் தலையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, ஓலை தப்பு என்று சொன்னால் ராஜாவே தப்பு என்று ஆகிவிடுகிறதே. நான் என்ன செய்வேன்?"

"யாரப்பா தப்பு என்றது? ஓலையில் உள்ளபடியே இன்னொரு அங்கி தை. பொம்மை ஒரு சாண், மனுஷன் எட்டுச் சாண். அளவை மட்டும் எட்டு மடங்காக்கு. கத்தரிக்கோல் என் வீட்டில் ஒன்று இருக்கிறது, வா."

மறுநாள் சபையில் பிச்சாண்டி கைகூப்பி எழுந்தார். "மகாராஜா, முப்பத்திரண்டு ஓலையும் படித்தேன். அற்புதம்! குற்றமெல்லாம் பொம்மையின் மேல்தான். அதற்கு உடுத்தத் தெரியவில்லை. பண்டிதரே ஒருமுறை உடுத்திக் காட்டினால் பார்த்துப் பழகிக்கொள்ளும்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது. நடுச்சபையில் வந்து நின்று இரண்டு கைகளையும் ஜம்மென்று தூக்கினார்.

"அடடா, கையை இறக்குங்கள். நீங்கள் இப்போது பொம்மை." பிச்சாண்டி மரப்பாச்சியை ராஜாவின் கையில் கொடுத்தார். "மகாராஜா, கை இப்படித்தானே இருக்கிறது?"

ராஜா பொம்மையை அப்போதுதான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமாம், ஒட்டித்தான் இருக்கிறது. ஒட்டி நில்லும் பண்டிதரே."

"மகாராஜா, அது வந்து..."

"பொம்மை பேசாது" என்றார் பிச்சாண்டி.

ஆவுடையப்பன் அங்கியைத் தலைவழியே இறக்கினான். முகம் மறைந்தது. தோள் வந்தது. முழங்கை வந்ததும் இறுகி நின்றுவிட்டது. காலியான சட்டைக்கைகள் இரண்டும் தலைக்கு மேலே முயல் காதுபோல ஆடின. இரண்டு காவலர்கள் கீழே இழுத்தார்கள், இன்னும் இறுகியது. மேலே இழுத்தார்கள், பண்டிதரும் கூடவே எழும்பினார்.

"கையை எடுக்க விடுங்கள்!" என்று உள்ளேயிருந்து ஒரு முனகல்.

"அது எத்தனையாவது ஓலை, ஐயா?" என்று பிச்சாண்டி ஓலைக்கட்டைப் புரட்டினார்.

ராஜாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "ஆவுடையப்பா, நீயாக இருந்தால் எப்படித் தைப்பாய்?" என்று கேட்டார்.

"கையே வைக்க மாட்டேன் மகாராஜா. முதுகைத் திறந்துவிட்டு, சுற்றி நாடா கட்டிவிடுவேன்." மடியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்தான். நாலு மடிப்பு, ஒரு முடிச்சு. கண் மூடித் திறப்பதற்குள் மரப்பாச்சி ராணி கல்யாணத்துக்குத் தயாராகிவிட்டாள்.

ராஜா பொம்மையைப் பார்த்தார், முயல் காதைப் பார்த்தார், தாங்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதும், போதும். பண்டிதரைக் கழற்றிவிடுங்கள்."

"எப்படிக் கழற்றுவது?" பிச்சாண்டி உதட்டைப் பிதுக்கினார். "முப்பத்திரண்டு ஓலையிலும் மாட்டுவதற்குத்தான் வழி இருக்கிறது. கழற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லையே மகாராஜா!"

எல்லாரும் விதியை எழுதியவரையே பார்த்தார்கள். அங்கிக்குள்ளிருந்து மெல்ல, மிக மெல்ல ஒரு குரல் வந்தது.

"மகாராஜா... அந்தக் கத்தரிக்கோலை ஆவுடையப்பனிடமே கொடுத்துவிடுங்கள்."