பல்லில் கடித்த பறி

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பத்தெட்டு. அதிலென்ன குறைச்சல்? தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கேமரா வாங்கினார், கற்றுக்கொடுக்க ஆள் தேடினார், அவள் கிடைத்தாள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

தை மாதக் காலை. பழவேற்காடு ஏரியில் பனி விலகவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுவில் பூநாரைகள். நிற்கின்றனவா, மிதக்கின்றனவா, யார் கண்டது?

அந்தப் பறவைகளுக்காகத்தான் வந்தார். ஆனால் படத்தில் வந்து நின்றவள் கன்னியம்மா. தண்ணீரில் குனிந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். பின்னால் மங்கலாகப் பறவைகளின் இளஞ்சிவப்பு. இப்படியொரு படம் தனக்கு இனி வாய்க்காது என்று மாசிலாமணிக்கே தெரியும்.

"போட்டிக்கு அனுப்பிடலாமா மேடம்? இன்னைக்குப் பகல் பன்னிரண்டோட கடைசி. ரெண்டு வருஷமா இதுக்குத்தான் அலையறேன்."

"அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

"மூணு தடவை கேட்டேன். ஒண்ணும் சொல்லலை. சம்மதம்னுதானே அர்த்தம்?"

ரெஜினா தன் பையிலிருந்து பழைய பறியொன்றை எடுத்து நீட்டினாள்.

"கேமராவை என்கிட்ட கொடுங்க. அஞ்சு இறால் பிடிச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"இந்த வயசிலயா?"

"கன்னியம்மா உங்களைவிட நாலு வயசு மூத்தவங்க."

சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்கினார். வேறு வழி?

சேறு குளிர்ந்து வழவழவென்று இருந்தது. முதலில் சிப்பி விரலைக் கீறியது. பிறகு நேரம் போனதே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பூநாரைகள் ஒவ்வொன்றாக அவர் பக்கத்தில் வந்து மேய்ந்தன. இவரும் ஏதோ இரை தேடும் ஜீவன் என்று விட்டுவிட்டன போலும். கேமரா இல்லையே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. விரலடியில் ஏதோ துள்ளியது. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. நாலாவது பறிக்குள் விழுந்தபோது மனசு கூத்தாடியது. வாய்விட்டுச் சிரிக்கத்தான் முடியவில்லை.

கரையிலிருந்து ரெஜினா கூப்பிட்டாள்.

"சார், இந்தப் படத்தை அழிச்சிடறேன். சரிதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ம்ம்... ம்ம்ம்" என்றார்.

"சரியா?"

தலையை ஆட்டினார்.

"வேணுங்கறீங்களா, வேணாங்கறீங்களா? இங்கிருந்து பார்த்தா ஒண்ணும் புரியலை. அழிச்சிடறேன்."

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

பறி கவிழ்ந்தது. நாலு இறாலும் போன இடம் தெரியவில்லை.

சத்தம் கேட்டு கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். விடிகாலையிலிருந்து பிடித்ததெல்லாம் அவள் பறியில் இருந்தது. அந்தக் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாசிலாமணியை வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

கரையேறி ஈரத்தோடு உட்கார்ந்தார். ரெஜினா கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். படம் அப்படியே இருந்தது.

"அவங்க எப்போ மேல வருவாங்க?" என்று கேட்டார்.

"மூணு மணி ஆகும்."

கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"அதுக்குள்ள போட்டி முடிஞ்சிடுமே மேடம்."

"முடிஞ்சிடும் சார். மூணு மணிக்குத்தான் அவங்களுக்குப் பேச வாய் இருக்கு."