பருந்து விரட்டும் சங்கத்துக்கு விருது

நாட்டின் விமானத் துறைக்குப் பெருந்தொண்டு செய்த அமைப்புகளுக்கு அன்று விருது விழா. விமானக் கம்பெனி முதலாளி தணிகாசலம் மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் செங்கமலம் வந்து உட்கார்ந்தாள். ஓடுபாதையில் பருந்து விரட்டும் பெண்கள் சங்கத்தின் தலைவி அவள். அவருக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்தார்.

"ஏம்மா, உங்க சங்கம் இதுவரைக்கும் எத்தனை விமானம் பறக்க விட்டிருக்கு? சொல்ல முடியலேன்னா கீழே இறங்கு."

கூட்டம் சிரித்தது. செங்கமலத்தின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

"ஒண்ணுகூட இல்லீங்கய்யா. தகரம் தட்டி, வெடி போட்டு, பருந்தைத்தான் பறக்க விடாம பாத்துக்கிட்டோம்."

"காக்கா குருவி ஓட்டுறதெல்லாம் ஒரு தொண்டா?"

"இல்லேன்னே வச்சுக்குவோம். விழா முடிஞ்சதும் சொந்த விமானத்துல ஊருக்குப் போறீங்களாமே? நீங்க கிளம்புற வரைக்கும் நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். பருந்து பாட்டுக்குப் பறக்கட்டும். நல்லபடியா போய்ச் சேந்துட்டீங்கன்னா எங்க விருதை நீங்களே வச்சுக்கங்க."

விருதைக் கையில் வைத்திருந்த அமைச்சர், "என்னங்க சொல்றீங்க?" என்று தணிகாசலத்தைக் கேட்டார்.

"நான் இன்னிக்கு ரயில்லதான் போறேன்," என்று முனகிய தணிகாசலம், விருதை வாங்கித் தன் கையாலேயே செங்கமலத்திடம் கொடுத்தார்.