வேம்பாயி காய்ச்சின எண்ணெய்

ஒரு ஊர்ல ஒரு சாராயம் காய்ச்சுறவ இருந்தா. பேரு வேம்பாயி. சிரிக்காத, அதுவும் ஒரு பொழப்புதான். பானை மேல பானை அடுக்கி, அடியில தீ மூட்டுவா. ஆவி ஏறி, குளுந்து, சொட்டு சொட்டா இறங்கும். மொதல்ல இறங்குறதுதான் ஒசத்தி. அதை வேண்டப்பட்டவங்களுக்குன்னு எடுத்து வச்சிருவா. எங்க, 'ம்' கொட்டு.

ம்.

அப்போ ஊர்ல மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. மக சிந்தாமணி வீட்டுல பச்சப்புள்ள வேற, விளக்குக்குப் பொட்டு எண்ணெய் இல்ல. அந்த நேரம் பாத்து வயலுக்கடியில போற எண்ணெய்க் குழாய் ஒடைஞ்சு, குபுகுபுன்னு கருப்பா ஒரு குழம்பு வந்துச்சு. அதைக் காய்ச்சித்தான் மண்ணெண்ணெய் எடுக்குறாங்கன்னு யாரோ சொன்னாங்க. "காய்ச்சுறதா? அதை எனக்கா சொல்லித் தரணும்?"னு குடத்துல மொண்டுட்டு வந்துட்டா.

அப்புறம் அடுப்புல ஏத்தினா. லேசா சூடு பட்டதுமே தண்ணியாட்டம் தெளிவா ஒண்ணு, சொட் சொட்டுன்னு இறங்குச்சு. கையில ஊத்தினா ஜில்லுங்குது, பாக்குறதுக்குள்ள மாயமாப் போயிருது! மொத சொட்டாச்சே! தனக்குக் கொஞ்சம் வச்சுக்கிட்டு, மீதியை விளக்குக்குன்னு மருமகன்கிட்ட மகளுக்குக் குடுத்தனுப்பிட்டா. அப்புறம் தீயைக் கூட்டினா, லேசா மஞ்சளா ஒண்ணு. இன்னும் கூட்டினா, விளக்கெண்ணெயாட்டம் கொழகொழன்னு ஒண்ணு. பானை அடியில மிஞ்சினது தாரு! ஒரே கருப்புக்குள்ள இத்தனையான்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னா.

ம்.

பொழுது சாய்ஞ்சுது. எரிச்சுப் பாத்துத்தான் அவ சரக்குக்குத் தரம் சொல்லுவா. மூணுலயும் மூணு திரி நனைச்சா. கொழகொழப்பு புஸ்ஸுன்னு பொகைஞ்சுது, பத்தவே இல்ல. மஞ்சளு அழகா நின்னு எரிஞ்சுது. அதான் மண்ணெண்ணெய். அப்புறம் மொத சொட்டு. தீயைத் தொடக்கூட இல்ல கண்ணு, கிட்டக் கொண்டு போனதுக்கே 'பக்'குன்னு தாவிப் புடிச்சிருச்சு! ரெண்டு புருவமும் போச்சு. அது பெட்ரோல்! இருக்குறதுலேயே லேசு அதான், அதனால மொதல்ல ஓடி வந்துருச்சு.

"அடி ஆத்தி! விளக்கு வைக்கிற நேரமாச்சே!"

ஓடினா. தலைவிரி கோலமா, செருப்புக்கூட இல்லாம, தடதடன்னு ஓடினா. அங்க சிந்தாமணி விளக்குல ஊத்திட்டா, திரியைத் தூண்டிட்டா, தீக்குச்சியைக் கையில எடுத்துட்டா. பக்கத்துல தூளியில புள்ள. வேம்பாயி பாய்ஞ்சு 'பட்'டுன்னு தீப்பெட்டியைத் தட்டிவிட்டா.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு? புள்ள இருட்டுல கெடக்கு!"

வேம்பாயி விளக்கைக் கொல்லையில கொண்டு வச்சுட்டு வந்து, பேரப்புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, "நாந்தாண்டி குடுத்தேன், என் கையாலயே குடுத்தேன்"னு ஓன்னு அழுதா.

அன்னிக்கு அந்த வீட்டுல விளக்கே ஏத்தல. இருட்டுதான். ஆனா எல்லாரும் மூச்சு விட்டுக்கிட்டு நல்லாத் தூங்கினாங்க. கதை அவ்வளவுதான், நீயும் கண்ணை மூடு.