புற்றுக்கு யார் சொந்தக்காரர்?

ஒரு காட்டில் மூங்கில் பூத்தது. மூங்கில் பூப்பதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே! உங்கள் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ஒரு தடவை பூத்திருக்கும். பூத்து, கொத்துக் கொத்தாக அரிசி உதிர்த்துவிட்டு, அந்த மூங்கில் அப்படியே பட்டுப்போகும். இனி எப்போது பூக்குமோ!

காடெங்கும் அரிசி. கால் வைத்த இடமெல்லாம் நறநறவென்றது. ஆனால் மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. நனைந்தால் அத்தனையும் முளைத்து அழுகிவிடும்.

நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான், பாறைக் குகை. அதன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கரடி. அதன் குரல் வயிற்றில் புறப்பட்டு மூக்கு வழியாக வரும்.

"ம்ம்ம்... கொண்டா, கொண்டா! போன வருஷம் காய் கொட்டையில பாதி எனக்கு. இந்த வருஷம் அரிசியில முக்கால் எனக்கு. பிடிக்கலையா? மழையில வச்சுக்கோ!"

வரிசையில் முதலில் நின்றது அணில். அதன் பொந்தில் குட்டிகள் கிடந்தன.

"கரடியாரே, குட்டிங்க இன்னும் கண்ணே திறக்கல. கால் பங்கை வச்சுக்கிட்டு மழைக்காலத்தை எப்படிங்க தாண்டுவேன்?"

"கண்ணு திறக்காததே நல்லது. பசியைப் பார்க்க வேணாம் பாரு!" என்று சொல்லிவிட்டுத் தானே குலுங்கிச் சிரித்தது கரடி.

அணில் அரிசியோடு திரும்பி வந்து தேக்கு மரத்தடியில் விசும்பியது. எப்போதும் முணுமுணுக்கும் முள்ளம்பன்றியும், எதற்கெடுத்தாலும் பதறும் காட்டுக்கோழியும் பக்கத்தில் நின்றன. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் கரிச்சான் குருவி கிளையில் இருந்தது. அதற்குச் சும்மா இருக்க வருமா? இறகைப் புஸ்ஸென்று உப்பிக்கொண்டு கரடியாகவே மாறிவிட்டது.

"ம்ம்ம்... ஏய் பொடிப்பசங்களா! இந்தக் குகையைக் குடைஞ்சது யாரு?"

அணிலுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "மலைதாங்க!"

"அரிசி பொறுக்கினது?"

"நாங்கதான்."

"ராத்திரி பகலா முறை வச்சுக் காவல் காத்தது?"

"அதுவும் நாங்கதான்" என்றது முள்ளம்பன்றி.

"அப்போ நான் என்னடா செஞ்சேன்?"

யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாசல்ல... உட்கார்ந்தீங்க" என்றது காட்டுக்கோழி, மெதுவாக.

அப்போது தரையிலிருந்து ஊசி போல ஒரு குரல் எழுந்தது. "நனையாத வீடு வேணுமா? நாங்க கட்டித் தரோம்."

கறையான்!

"ஐயையோ! கண்டதையும் அரிக்கிறவங்க கையில அரிசியைக் கொடுக்கிறதா? விளங்கினாப்பலதான்!" என்று கோழி குதித்தது.

"சருகும் பட்ட மரமும்தான் எங்க சாப்பாடு. அரிசியைத் தொடமாட்டோம். எங்க பயம் வேற. நாங்க கட்டக் கட்டக் கரடி இடிச்சு எங்களை உறிஞ்சிடுறாரு. மிச்சம் இருக்கிறவங்களைக் கோழியக்கா கொத்திடறாங்க."

கோழி சட்டென்று வானத்தைப் பார்த்தது.

"இனிமே கொத்தமாட்டா. நான் பொறுப்பு" என்றது முள்ளம்பன்றி. "ஆனா ஒண்ணு. உடம்பு பெருசோ சிறுசோ, எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். உழைக்கிறவங்க எல்லாரும் சொந்தக்காரங்க. தேவைக்குத் தக்கபடி எடுத்துக்கலாம். சரியா?"

"சரி!" என்று கரிச்சான் எல்லார் குரலிலும் சொன்னது. "யோவ், எங்க வாயாலயே சொல்ல விடு!" என்று மற்றவர்கள் அதட்டிவிட்டு, தங்கள் வாயாலும் சொன்னார்கள்.

வேலை தொடங்கியது. முள்ளம்பன்றி மண்ணைத் தோண்டிக் குவித்தது. கோழி சருகைக் கிளறித் தள்ளியது. கண் தெரியாத கறையான்கள் எச்சிலால் மண்ணைக் குழைத்து, ஓர் உருண்டை, இன்னோர் உருண்டை என்று வைத்தன. சுவர் எழ எழ, தான் உதிர்த்த முட்களை நுனி வெளியே நீட்டும்படி முள்ளம்பன்றி செருகிக்கொண்டே போனது.

புற்று முயலின் காதைத் தாண்டியது. மானின் கொம்பைத் தாண்டியது. ஒரு நாள் அரிசியை அடுக்க உள்ளே போன அணில் கண்ணை அகல விரித்துக்கொண்டு வெளியே வந்தது.

"உள்ள அறைக்கு மேல அறை. குழாய் குழாயா வழி. காத்து ஏறுது, இறங்குது. இது... இது மூச்சு விடுதுப்பா!"

எல்லாரும் புற்றின் மேல் காதை வைத்துக் கேட்டார்கள்.

முதல் இடி இடித்த அன்று, அரிசி வராத கோபத்தில் கரடி வந்து நின்றது.

"யாருடா இதுக்குச் சொந்தக்காரன்? அவனை மட்டும் வரச் சொல்லு!"

"நான்தான்" என்றது முள்ளம்பன்றி.

கரடி குரலில் தேன் தடவிக்கொண்டது. "தம்பி, இதை எனக்குக் கொடுத்துடு. குகையில பாதி உனக்கு."

"மத்த சொந்தக்காரங்களைக் கேட்டுச் சொல்றேன்."

"மத்தவங்களா? யாரு?"

"நான்" என்றது அணில். "நானும்தான்!" என்று கொக்கரித்தது கோழி. புற்றுக்குள்ளிருந்து, "நாங்க... நாங்க... நாங்க..." என்று மழை இரைவது போல ஓசை வந்தது.

கரடி தலையை அங்கும் இங்கும் திருப்பியது. "அப்போ நான் யாரைத்தான்டா மிரட்டுறது?"

கோபத்தில் புற்றை ஓங்கி ஓர் அறை அறைந்தது. "ஆஆவ்!" கை நிறைய முள்.

அதே நேரம் வானம் பிளந்தது போல மழை கொட்டியது. எல்லாரும் கரடியை மறந்தார்கள். சுவர் கரையுமா? நிற்குமா? அணில் உள்ளே பாய்ந்தது. வெகு நேரம் வரவில்லை.

பிறகு ஒரே ஓர் அரிசியோடு வந்தது. எல்லார் முன்னாலும் அதைக் கடித்தது.

டக்!

காய்ந்த அரிசி! அணிலின் கன்னத்தில் வழிந்தது மழையா கண்ணீரா, தெரியவில்லை. வாய் கொள்ளுமட்டும் அடைத்துக்கொண்டு அது பொந்தை நோக்கி ஓடியது.

கரடி நனைந்தபடி புற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. "உங்களால இது முடியும்னு எப்போலேருந்து தெரியும்?"

"எங்களுக்கும் இப்பதான் தெரியும்" என்றது முள்ளம்பன்றி.

அடுத்த இடிக்குப் பிறகு புற்றைச் சுற்றி மண் வெடித்தது. வெள்ளை வெளேரென்று காளான்கள் குடை விரித்தன, பூமிக்குள்ளிருந்து நிலா நிலாவாக! கறையான்களுக்கு இட்ட சருகிலிருந்து வந்தவை. யாரும் விதைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. காட்டுக்கே விருந்து!

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் சரசரவென்று சத்தம். கரடி! இரண்டு கை நிறையச் சருகை அணைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் நின்றது.

"இதை... எங்க போடணும்?" என்று கேட்டது.

காடு கண்ட நீதி: உழைப்பையும் உரிமையையும் எல்லாரும் பங்கிட்டுக்கொண்டால், யார் வாசலிலும் கையேந்த வேண்டாம், எல்லாருக்கும் போதும், மிஞ்சவும் மிஞ்சும்.