சாப்பாட்டு வரிசையின் தலைவி

"கொலுப் பொம்மையா உட்கார வெச்சிருக்காங்க மேடம்," என்றார் தேவசகாயம்.

மெஹர் மிஸ் ஒரு குழந்தைக்கு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரை?"

"என்னைத்தான்."

ஏரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். பல தேசத்துப் பிள்ளைகள் படிக்கிற பெரிய இடம். தேவசகாயம் அதற்கு பிரின்சிபாலாக வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்தான் இந்த மெஹருன்னிசா. அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோதே நாற்காலியை விட்டு இறங்கி, எனக்கு எல்.கே.ஜி. கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர். ஏன் இப்படி என்று கேட்காத ஆளில்லை. சிரிப்பாரே தவிர பதில் சொன்னதில்லை.

அவர் இருந்தவரைக்கும் ஒரு ஆசிரியர்கூட முகம் சுளித்துக்கொண்டு போனதில்லை என்று பேச்சு.

அதனால்தான் பெரியவர் சின்னவரைத் தேடி வந்திருந்தார். குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"என்ன நடந்ததுன்னு சொல்லுங்க சார்."

"ஹாஸ்டலுக்கு வார்டன் வேணும்னு பார்த்துப் பார்த்து ஒருத்தரை எடுத்தேன். சேர்மன் ஒரு போன் போட்டார். அவங்க வேண்டாம், இன்னாரைப் போடுங்கன்னுட்டார். முடிஞ்சது."

"நீங்க ஏன் அவங்களை எடுத்தீங்கன்னு சேர்மன் கேட்டாரா?"

"கேக்கவே இல்லையே. அதுதானே வயித்தெரிச்சல். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்தம்மா நர்சா இருந்தவங்க. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா கை தானா நெத்திக்குப் போகும். அதை யார் கேட்டா?"

மெஹர் அடுத்த குழந்தையின் ஷூவுக்குப் போனார்.

"சுகந்தியும் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"அது வேற கதை மேடம்."

சுகந்திதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே டைம்டேபிள் போடுகிறவர். எந்த வகுப்புக்கு யார், எந்த நேரத்துக்கு எந்தப் பாடம், எல்லாம் அவர் தலையில்.

"டைம்டேபிள்ல சின்னதா ஒரு திருத்தம் பண்ணேன். அதுக்குப் போய் வேலையை விடறேன்னு நிக்கறாங்க. சாயங்காலம் நிர்வாகக் குழு கூடுது. அவங்க ராஜினாமாவுக்கு அதுல சரின்னுட்டா அவ்வளவுதான். அவங்க போனா அவங்க பின்னாடியே பாதிப் பேர் கிளம்பிடுவாங்க." தேவசகாயம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சேர்மனை எப்படித் தள்ளி நிறுத்தறது? சுகந்தியை எப்படிப் பிடிச்சு நிறுத்தறது? ரெண்டுக்கும் ஒரு வழி சொல்லுங்க."

மணி அடித்தது.

"சாப்பாட்டு மணி சார். எங்ககூட வாங்க."

"மேடம், நான் கேட்டது..."

"பசிக்குது சார்."

எல்.கே.ஜி.யில் தினம் ஒரு லீடர். அட்டையில் வெட்டிய மஞ்சள் சூரியனை நூலில் கோத்து யார் கழுத்தில் போடுகிறார்களோ, அன்றைக்கு வரிசை அவர்கள் பின்னால் போகும். அன்று மின்சோவின் முறை. கொரியாக்காரப் பெண். வீட்டில் சமைக்கிற அக்காவிடம் தமிழ் கற்றவள், அதனால் அவளுக்கு எல்லாரும் 'நீ'தான்.

"தாத்தா, நீ பின்னாடி நில்லு," என்றாள்.

தேவசகாயம் சிரித்தார். சிரித்துவிட்டு முன்னால் போய் நின்றார். பழக்கம்.

வரிசை கிளம்பியது. படி இறங்கினால் இடது பக்கம் கண்ணெதிரே சாப்பாட்டுக் கூடம். மின்சோ வலது பக்கம் திரும்பினாள். மைதானத்தைச் சுற்றி, பூவரச மரத்தைச் சுற்றி, அது ஒரு யாத்திரை. கரண்ட் வேறு போயிருந்தது. எங்கேயோ ஜெனரேட்டர் உறுமியது.

"இந்தப் பக்கம்மா," என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார் தேவசகாயம். மெதுவாகத்தான் திருப்பினார். "அதோ தெரியுது பாரு. இதுதான் கிட்ட."

மின்சோ நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு நின்றார்கள்.

அவள் தாத்தாவைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்திலிருந்து சூரியனைக் கழற்றி நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கோ."

"அட, நீதானம்மா லீடர். நான் சும்மா வழிதான்..."

"நீயே வெச்சுக்கோ."

அவர் கையில் திணித்துவிட்டுக் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

வரிசையோ வழியில் நிற்கிறது. வேறு என்ன செய்வார்? பிரின்சிபால் சூரியனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஜெனரேட்டர் அறை. அதைத் தாண்டும்போது பின்னால் ஒரு வீறல்.

ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அழுத்திக்கொண்டு மின்சோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கபிலனுக்கு இந்தச் சத்தம் பயம்," என்றாள். கோபமில்லை, தகவல் சொன்னாள். "அதான் சுத்திப் போனேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"நீ கேக்கலையே."



மெஹர் மிஸ் இன்னமும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி என்ன இருந்ததோ அதில்.

தேவசகாயம் குனிந்தார். முழங்கால் சொடக்கென்றது. சூரியனைக் கழற்றி மின்சோவின் கழுத்தில் போட்டார்.

"எந்தப் பக்கம் போகணும்?"

"அந்தப் பக்கம். நீ கடைசில வா. இவன் கையைப் பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டார். வரிசை திரும்பி, மைதானத்தைச் சுற்றி, பூவரச மரத்தைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தது. சாம்பார் ஆறிப்போயிருந்தது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்: "அப்போ சேர்மன்?"

"அவருக்கும் பசிக்கும்தானே சார். நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாங்க."

"வரிசையில அவரை எங்க நிறுத்தறது?"

"அது நாளைய லீடர் பாடு."

அங்கிருந்து நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். சுகந்தி தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஜன்னலோரத்து மணிபிளான்ட் தொட்டி கையில் இருந்தது. இவரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சொல்லுங்க சார். இன்னும் என்ன மாத்தணும்?"

அந்தக் குத்தலைத் தேவசகாயம் வாங்கிக்கொண்டார்.

"ஏழாம் வகுப்புக்குக் கணக்கைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சிருந்தீங்க. நான் காலைக்கு மாத்தினேன்."

"ஆமா."

"ஏன் அங்க வெச்சிருந்தீங்க?"

சுகந்தி தொட்டியை ஜன்னலோரத்தில், இருந்த இடத்திலேயே வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார்," என்றார். "சொல்லக் கொஞ்சம் நேரமாகும்."